வாசகர் கேள்வி – பதில்: மழை இரவில் மலைவீதியில் அகப்பட்டால்

வடகீழ்ப் பருவமழை தொடங்கியதிலிருந்து இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே வெவ்வேறு வாயால் கேட்கின்றன. எனவே இந்த இதழில் மழையாலும் மண்சரிவாலும் வீதியில் அடைபட்டு நிற்பதைப் பற்றிய கேள்விகளுக்கு மாத்திரம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கார்த்திகை மாதக் கடைசியில் கண்டியிலிருந்து வேனில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருந்தோம். இறம்பொடையைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் முன்னால் மண்மேடு சரிந்து வீதி அடைபட்டது. மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒரு மணி வரை ஒரு வளைவிலேயே நின்றோம். கனடாவில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில், "என்ன நடந்தாலும் வாகனத்தை விட்டு இறங்காதே, மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்" என்றார். எங்கள் சாரதியோ, "ரீச்சர், இந்த வளைவில் நிற்கக் கூடாது, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிக் கோயிலடிக்கு நடப்போம்" என்றார். நாங்கள் அக்காவின் சொல்லைக் கேட்டோம். கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் நடக்கவில்லை. யார் சொன்னது சரி?
– ஓர் ஆசிரியை, நானுஓயா

பதில்: சகோதரி, அக்கா தாம் வாழும் நாட்டு வீதியை மனத்தில் வைத்துச் சொன்னார்; சாரதி நீங்கள் நின்றிருந்த வீதியைக் கண்ணால் பார்த்துச் சொன்னார். அன்று நீங்கள் கேட்டிருக்க வேண்டியது சாரதியின் சொல்லைத்தான்.

அக்காவின் அறிவுரை பிழையானதன்று. பனிப்புயல் வீசும் நாட்டில் ஆபத்து வாகனத்துக்கு வெளியே, நாலாபுறமும் இருக்கிறது. வெண்பனி கண்ணை மறைக்கும்போது இருபது அடி நடந்தவர் தம் வாகனத்தையே மீண்டும் கண்டுபிடிக்க முடியாமல் போவதுண்டு. உறைநிலைக்குக் கீழான காற்றில் உடலின் சூடு விரைவாக இறங்கிவிடும். தேடி வருபவர்களின் கண்ணுக்கு நடந்து போகும் மனிதரைவிட நிற்கும் வாகனம் எளிதில் தென்படும். 2022 ஜனவரி 3, 4ஆம் திகதிகளில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், 95ஆம் இலக்க நெடுஞ்சாலையில் பனிப்புயலால் நூற்றுக்கணக்கான வாகனங்கள் அகப்பட்டபோது, சிலர் 24 மணித்தியாலங்களுக்கும் மேலாக வாகனத்துக்குள்ளேயே இருந்தார்கள். அந்த நாட்டில் வாகனம் ஒரு சிறிய வீடு, அதைவிட்டு நீங்காதிருப்பதே பாதுகாப்பு.

நம் நாட்டு மலைவீதியில் ஆபத்து தலைக்கு மேலே இருக்கிறது, சில வேளைகளில் காலுக்குக் கீழேயும் இருக்கிறது. மலையின் ஒரு பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கத்தில் நிரப்பித்தான் இவ்வீதிகளில் பெரும்பகுதி அமைக்கப்பட்டிருக்கிறது. வெட்டிய பக்கத்து மேடு அடித்தாங்கலை இழந்து நிற்கிறது. நிரப்பிய பக்கத்து ஓரமோ நீர் இறங்க இறங்க இளகிக்கொண்டே போகிறது. நாட்கணக்கில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணின் பாரம் கூடுகிறது. அதைவிட முக்கியமாக, மண்துகள்களுக்கிடையே நிரம்பும் நீரின் அழுத்தம் அவை ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அதன்பின் மேடு இறங்குவதற்குப் பெரிய அதிர்வு ஒன்றும் வேண்டியதில்லை. அப்படி இறங்கும் மண்ணுக்கு முன்னால் வேனின் தகடு எந்தக் காவலும் ஆகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைக் கடந்தபோது 600இற்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்பதையும், கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களையே விழுங்கின என்பதையும் நாம் யாரும் மறந்திருக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது "ஒரு வளைவிலேயே" என்ற சொல்தான். எந்த வளைவு என்பதே இங்கு கேள்வி. மலைவீதியில் இரண்டு வகை வளைவுகள் உண்டு. மலையின் மூக்கு வெளியே நீண்டிருக்கும் இடத்தைச் சுற்றி வீதி வெளிப்பக்கமாக வளைவது ஒன்று. மலை உள்வாங்கி, மேலிருந்து ஓடை இறங்கி, மதகு வழியாக வீதிக்குக் கீழே பாயும் இடத்தில் உட்பக்கமாக வளைவது மற்றையது. சேறும் கல்லும் மரமும் கலந்து இறங்கும் சரிவு நீரைப் போலவே பள்ளத்தைத் தேடித்தான் ஓடும், ஆதலால் ஓடை வரும் உள்வளைவே அதற்கு இயல்பான வழி. வெளிவளைவு முழுப் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். இருந்தாலும், இரண்டில் ஒன்றில் இரவைக் கழித்தே ஆகவேண்டுமென்றால், மேலே செங்குத்தான வெட்டுமேடு இல்லாத வெளிவளைவில் கழியுங்கள். உங்கள் சாரதி இதைப் புத்தகத்தில் படித்திருக்க மாட்டார். அந்த வீதியில் பல மழைக்காலங்களை ஓட்டிக் கழித்தவருக்கு அது கண்ணில் படிந்திருக்கும்.

ஆகவே, வாகன வரிசை நின்றவுடன் முன்னால் எத்தனை வாகனம் என்று எண்ணுவதற்கு முன்பாகத் தலையை உயர்த்தி மேலே பாருங்கள். மேட்டிலிருந்து சிறு கற்கள் உருளுகின்றனவா, மரங்களோ தந்திக் கம்பங்களோ புதிதாகச் சாய்ந்திருக்கின்றனவா, வீதியிலோ பாதுகாப்புச் சுவரிலோ வெடிப்பு விரிகிறதா, மேட்டின் நடுவிலிருந்து கலங்கிய நீர் பீறிடுகிறதா, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழை விடாமலேயே திடீரென வற்றியதா அல்லது சேறாகியதா என்று கவனியுங்கள். ஓடை வற்றுவதைக் கண்டு "தண்ணீர் குறைந்துவிட்டது" என்று சிலர் ஆறுதலடைகிறார்கள். மேலே சரிந்த மண் அதை அணைபோல் மறித்திருக்கலாம் என்பதால், எல்லா அறிகுறிகளிலும் அதுவே மிகப் பொல்லாதது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொருட்களைப் பொறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இறங்குவதென்றால் வெளிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள், ஓடையின் வழியே கீழ்நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் விலகிப் போங்கள். சரிந்து கிடக்கும் மண்ணின்மேல் ஏறிக் கடக்க வேண்டாம், ஏனெனில் முதலில் விழுந்த மண்ணைப் பார்க்கப் போனவர்கள்மீது இரண்டாவது சரிவு விழுவது அடிக்கடி நடப்பது. வீதியைக் குறுக்கறுத்துப் பாயும் நீரிலும் கால் வைக்க வேண்டாம். இருட்டிவிட்டது, மூட்டம் அடர்ந்து ஓர் அடி முன்னால் தெரியவில்லை, வாகனம் ஓரளவு நல்ல இடத்தில் நிற்கிறது என்றால், அப்போது அக்கா சொன்னதே சரி, உள்ளேயே இருங்கள். பின்னால் வரிசை நெருங்குவதற்கு முன்னரே நூறு மீற்றர் பின்னோக்கி எடுத்து மதகை விட்டு விலகி நிற்க முடிந்தால், இறங்க வேண்டிய தேவையே பல வேளைகளில் வராது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவோடு ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கமாகப் பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தோம். கொட்டும் மழையில் வரிசை நின்றது. எங்கள் பஸ் சாரதி ஒன்றும் சொல்லாமல், நடத்துநரைப் பின்னால் நிறுத்தி விசில் ஊதச் செய்து, வளைந்த வீதியில் அங்குலம் அங்குலமாகப் பின்னோக்கி எடுத்து, ஒரு தோட்டப் பாடசாலையின் முன்னாலிருந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் கிடைத்திருந்த இடம் பறிபோனதென்று பயணிகள் அவரை ஏசினார்கள். விடியும் வரை அங்கேயே இருந்தோம். நாங்கள் முதலில் நின்ற மதகில் அன்றிரவு ஒரு கல்கூட விழவில்லை, காலையில் அதையும் சொல்லிக்காட்டி ஏசினார்கள். அவர் செய்தது சரி என்பதை இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஒன்றும் நடக்காமல் போனதை வைத்து ஒரு முடிவைப் பிழையென்று சொல்ல முடியாது, சகோதரி. உங்கள் விடயத்தில் அதே காரணத்தால்தான், ஒன்றும் நடக்காமல் போனதை வைத்து உங்கள் முடிவைச் சரியென்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அடுத்த முறை புறப்படுவதற்கு முன்பாக, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் ஆயத்தம், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பது அந்நிறுவனம் கைக்கொள்ளும் அளவு. தோட்டங்கள் பலவற்றில் மழைமானி இருக்கிறது. நாள்தோறும் அளந்து எழுதும் அந்த எண்ணைக் கேட்டறிவது சிரமமன்று. நீங்கள் போகும் வழியில் சிவப்பு எச்சரிக்கை, அதாவது வெளியேற்ற எச்சரிக்கை, இருந்தால், கல்யாணமென்றாலும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். பருவத்துக்கேற்ற வழியும் உண்டு: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து ஹட்டன் வீதி மோசமாகும், மார்கழி, தை மாதங்களில் வலப்பனை, வெலிமடை, பதுளைப் பக்கம் மோசமாகும்.

கேள்வி: நான் வாடகை வேன் ஓட்டுபவன். அடைபட்டு நிற்கும்போது பயணிகள் குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடிகளையும் மூடச் சொல்லி, எஞ்சினையும் ஓடவிடச் சொல்கிறார்கள். போன மாதம் அப்படி நின்றதில் இரண்டு பேருக்குத் தலையிடியும் வாந்தியும் வந்தது. மலைச் சுற்றலா, வேறு ஏதேனுமா?
– ஒரு சாரதி, வெலிமடை

பதில்: தம்பி, வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் சுற்றல் என்று விட்டிருப்பேன். நின்ற வாகனத்தில், மூடிய கண்ணாடிக்குள், எஞ்சின் ஓடும்போது இரண்டு பேருக்கு ஒன்றாகத் தலையிடி வந்தால் காபனோரொட்சைட்டு நஞ்சு என்றே முதலில் எண்ண வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலையிடி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முரீ என்ற மலைநகருக்குப் பனி பார்க்கப் போன சுற்றுலாப் பயணிகள், குடும்பம் குடும்பமாக வாகனங்களுக்குள் அகப்பட்டு, ஒரே இரவில் 20இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிரோடு இந்த வாயுவும் அவர்களில் சிலரின் மரணத்துக்குக் காரணமென்று கூறப்பட்டது. அங்கே புகைக்குழாயைப் பனி மூடியது. இங்கே சேறு மூடலாம், தேங்கிய நீரில் குழாய் மூழ்கலாம், வாகனத்தின் பின்புறம் மேட்டோடு ஒட்டி நிற்பதால் புகை போக வழியின்றித் திரும்பலாம், உங்களுக்கு முன்னால் ஒட்டி நிற்கும் லொறியின் புகையே உங்கள் வேனுக்குள் வரலாம்.

எஞ்சினை நிறுத்திவிடுங்கள் என்பதே என் முதற்பதில். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்கோ கண்ணாடியின் மூட்டத்தைத் துடைப்பதற்கோ சிறிது நேரம் ஓடவிட வேண்டியிருந்தால், இறங்கிப் போய்ப் புகைக்குழாயைப் பார்த்துவிட்டு, காற்று வீசாத பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து வைத்து ஓடவிடுங்கள். யாருக்காவது தலையிடி என்றால் உடனே நிறுத்தி, கதவைத் திறந்து, அவரை வெளிக்காற்றில் இருத்துங்கள்.

குளிரைக் குறித்த பயமும் பொய்யன்று. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பனி உறையாவிட்டாலும், பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியசில் நனைந்த உடையோடு மணிக்கணக்கில் இருக்கும் முதியவரின் உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கக்கூடும். நடுக்கம் இருக்கும் வரை உடல் போராடிக்கொண்டிருக்கிறது. பேச்சுக் குழறி, நடுக்கம் தானாக நின்றுபோனால் அதைச் சுகம் என்று எண்ணிவிடாமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். செய்ய வேண்டியது ஈர உடையைக் கழற்றுவதுதான். வெட்கத்தில் பலர் அதைச் செய்வதில்லை. ஒரு சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள். மாற்றுடுப்பு இல்லையென்றால் ஈரத்தைப் பிழிந்துவிட்டு, இடையில் பத்திரிகைத் தாளைச் செருகி, மேலே போலித்தீனைச் சுற்றலாம். கொழுந்து எடுக்கும் நம் தாய்மார் தலையில் கம்பளியும் இடுப்பில் படங்கும் கட்டி மழையில் நின்றது இந்த அறிவினால்தான்: காற்றையும் நீரையும் வெளியே நிறுத்தினால் உடல் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். வேனில் நிரந்தரமாக இரண்டு கம்பளியும், ஒரு போலித்தீன் விரிப்பும், டோர்ச் லைட்டும், குடிநீரும், பிஸ்கட்டும் வைத்திருங்கள். யாராவது சாராயப் போத்தலை எடுத்தால் நீங்களே தடுங்கள். அது தோலுக்கு இரத்தத்தைக் கொண்டுவந்து சூடுபோல் காட்டி, உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிவிடும்.

கேள்வி: என் மகன் கனடாவில் லொறி ஓட்டுகிறான். பனிப்புயல் செய்தி வரும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இங்கிருந்து அவனுக்கு நான் என்ன சொல்லலாம்?
– ஒரு தாய், ஹட்டன்

பதில்: அம்மா, தொழிலாகவே ஓட்டும் பிள்ளைக்கு அந்நாட்டின் முறைகள் உங்களையும் என்னையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் தாயின் வாயால் ஒருமுறை கேட்டால் மனத்தில் நிற்கும் என்பதால் சொல்லுங்கள்: எரிபொருள் தாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விட வேண்டாம், அகப்பட்டால் வாகனத்தை விட்டு நடக்க வேண்டாம், மணிக்குப் பத்து நிமிடம் போல எஞ்சினை ஓடவிடுவதானால், ஒவ்வொரு முறையும் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும், நிறமான துணி ஒன்றை வெளியே தெரியக் கட்ட வேண்டும். புயல் நேரத்தில் நீங்கள் திரும்பத் திரும்ப அழைத்தால் அவனுடைய தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துபோகும். இன்ன நேரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அதற்குக் காத்திருங்கள். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், அம்மா.

கேள்வி: மண் விழுந்து அரை மணித்தியாலத்தில் அகற்றக்கூடிய இடத்திலும் ஏன் ஐந்து, ஆறு மணித்தியாலம் நிற்க வேண்டியிருக்கிறது? அதிகாரிகளின் அசட்டைதானே?
– ஒரு வியாபாரி, கம்பளை

பதில்: அசட்டை இருந்த இடங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் கண்ணால் கண்ட பல அடைப்புகளில் நேரத்தைத் தின்றது மண் அன்று, நாம்தான். இடப்பக்கம் ஒரு வரிசை நின்றதும், பொறுமையற்ற ஒருவர் வலப்பக்கத்தால் முன்னேறுகிறார். அவர் பின்னால் இருபது பேர். மறுமுனையிலும் அதுவே நடக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு நிரையும் நிறைந்தபின், மண்ணை அள்ள வரும் பெக்கோ இயந்திரம் பின்னால் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மண்ணை அகற்றிய பிறகும் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வரிசையில் ஓர் அம்புலன்ஸ் இருந்தால் அதற்குள் இருப்பவரின் கதி என்ன என்பதை முன்னேறிப் போகும் சாரதி ஒரு கணம் நினைக்க வேண்டும். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவைப்பதைச் சாரதிகள் தங்களுக்குள் ஒரு கட்டுப்பாடாகக் கொள்ள வேண்டும். பஸ் நடத்துநர்களும் வரிசையில் நிற்கும் இளைஞர்களும் முன்னால் நின்று அதைக் காக்கலாம். வீதி அடைபட்டதை 117 இலக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கோ, 119 இலக்கத்தில் பொலிசுக்கோ அறிவிக்கும்போது, வெறுமனே "வழியில்" என்று சொல்லாமல் வீதியோரத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் லயங்கள் பிரதான வீதிக்கு மேலேயே இருக்கின்றன. வாகனங்கள் அடைபடும்போது நாங்கள் சாயத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வேறென்ன செய்யலாம்?
– தோட்ட இளைஞர்கள் சிலர், லபுக்கலைப் பகுதி

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துக் கண் நிறைந்தது. சொந்தக் கூரையே ஒழுகும் வீட்டிலிருந்து வரும் அந்தச் சாயத்தண்ணியின் அருமை, இரவில் அதை வாங்கிக் குடித்தவர்களுக்குத் தெரியும்.

கடிதங்களில் பெண்கள் கூச்சத்தோடு இரண்டு வரியில் எழுதியிருப்பதை உங்களுக்குச் சொல்கிறேன்: பசியைவிட அவர்களை வாட்டியது மலசலகூடம் இல்லாமை. ஆண்கள் இருட்டில் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்களோ தாகத்தோடு நீர் குடிக்காமல் எட்டு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். மாதவிடாய் நாளென்றால் அந்த வேதனையைச் சொல்லவே வேண்டாம். சிலர் அதற்காகத் தனியாக மேட்டுப்பக்கம் ஏறிப் போயிருக்கிறார்கள், மழையில் அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. ஆகவே தோட்டப் பாடசாலையின் அல்லது சிறுவர் நிலையத்தின் மலசலகூடத் திறப்பு மழை நாட்களில் யாரிடம் இருக்கும் என்பதை அதிபரோடும் தோட்ட நிர்வாகத்தோடும் இப்போதே பேசி வையுங்கள். உங்கள் அம்மாமார், அக்காமார் இருவர் டோர்ச் லைட்டோடு வரிசையில் நடந்து, "பிள்ளைகள் யாரும் வர வேண்டுமா?" என்று கேட்டால் போதும், பத்துப் பேர் இறங்குவார்கள். பால்மா கரைக்கக் கொதிநீர் ஒரு போத்தலில் கொண்டு செல்லுங்கள். முன்னால் என்ன நிலைமை என்பதைத் தெரிந்தவரையில் மாத்திரம் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று: லயம் வீதிக்கு மேலே என்கிறீர்கள். வீதியில் விழுந்த மண் உங்கள் மேட்டின் அடியிலிருந்துதான் வந்திருக்கும். உதவிக்கு இறங்குவதற்கு முன், லயத்தின் பின்சுவரையும் தரையையும் வெடிப்பு உண்டா என்று ஒருவர் விளக்கோடு சுற்றிப் பார்த்து வரட்டும். வெடிப்பு இருந்தால், கோப்பைகளை வைத்துவிட்டு முதலில் வயதானவர்களையும் குழந்தைகளையும் பாடசாலைக்குக் கொண்டு போங்கள். கிராம உத்தியோகத்தருக்கு அன்றிரவே சொல்லுங்கள்.